புதுப்பிப்பு: சும்மா இருந்தே சூடான மடிக்கணினி, ஆள் சிக்கியாச்சு

போன வாரம் இதே இழையில் புலம்பியிருந்தேன்: லினக்ஸ் மடிக்கணினி, ஒரு வேலையும் ஓடவில்லை, ஆனாலும் விசிறி நிற்பதில்லை. மின் செலவைக் காட்டும் பவர்டாப் நிரலில் பார்த்தால், செயலியின் கோர்கள் சி6 என்ற ஆழ்ந்த தூக்க நிலையின் பக்கமே போகவில்லை. கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸைப் பாருங்கள் என்றார்கள் பலர். பார்த்தேன், அங்கே குற்றமில்லை.

வேலையில்லாத கோரை எவ்வளவு ஆழமாகத் தூங்க வைக்கலாம் என்று முடிவு செய்வது லினக்ஸின் மையமான கெர்னலின் சிபியுஐடில் பகுதி. ஆழம் கூடினால் மின்சாரம் மிச்சம், ஆனால் எழுந்து வர நேரமாகும். அந்தத் தாமதம் ஆகாத நிரல்கள் 'சிபியு டிஎம்ஏ லேட்டன்சி' என்ற சாதனக் கோப்பைத் திறந்து, இத்தனை மைக்ரோ செகண்டுக்கு மேல் கூடாது என்று எழுதி வைக்கலாம். கோப்பு திறந்திருக்கும்வரை கெர்னல் அதற்குக் கட்டுப்படும். மூடினால் கோரிக்கையும் போச்சு.

எப்போதோ நிறுவி மறந்த ஒலிப்பதிவு நிரல் ஒன்று பின்னணியில் உட்கார்ந்துகொண்டு அதில் 0 எழுதி வைத்திருந்தது! 0 என்றால் தூக்கமே கிடையாது, கோர் கண் விழித்தபடி சுற்றிக்கொண்டே இருக்கும். எந்தக் கோப்பை எந்த நிரல் திறந்திருக்கிறது என்று சொல்லும் எல்எஸ்ஓஎஃப் கட்டளைதான் காட்டிக் கொடுத்தது.

எந்தத் தூக்க நிலை என்று சிபியுஐடிலில் தேர்வு செய்யும் மெனு கவர்னரை விட்டு, 5.1 கெர்னலில் வந்த டிஇஓ என்ற இன்னொரு கவர்னருக்கு மாறச் சொன்னவருக்கு: மாற்றினேன், பலனில்லை. வரம்பே 0 ஆனால் எந்த கவர்னரும் என்ன செய்யும்?

நிரலை நிறுத்திய கையோடு கோர்கள் சி6-க்குப் போய்விட்டன. அதை நீக்கவில்லை; பதிவு செய்யும்போது மட்டும் திறக்கிறேன்.