பிசிடி மதுரைக்குப் போய் வர ஒரு நாள்: ஐசியுவில் செப்சிஸுக்கு இதை எப்படிப் பயன்படுத்துவது?

காரைக்குடி_ஐசியு:
எங்களுடையது 8 படுக்கை ஐசியு. சிஆர்பி (உடலில் அழற்சியைக் காட்டும் சோதனை), லாக்டேட், வெள்ளணு எண்ணிக்கை மூன்றும் இங்கேயே பார்த்துவிடலாம். பாக்டீரியாத் தொற்றில் ஏறும் புரோகால்சிடோனின் (பிசிடி) மட்டும் மதுரைக்குப் போகிறது. காலையில் அனுப்பினால் மறுநாள் மதியம்தான் ரிசல்ட். வரும் நோயாளிகளில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, பலருக்குச் சிறுநீரகமும் சரியில்லை. காய்ச்சலோடு பிரஷர் இறங்கி வரும்போது சிஆர்பி 150 என்றால் அது பாக்டீரியாதானா என்று அதை வைத்துச் சொல்ல முடிவதில்லை. கேட்க விரும்புவது: பிசிடி எந்த அளவுக்கு மேல் போனால் செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) என்று எடுத்துக்கொள்வது? ரிசல்ட் வரும்வரை ஆன்டிபயாடிக்கை நிறுத்தி வைக்கலாமா? இங்கேயே ஒரு மெஷின் வாங்கினால் பிரயோஜனம் உண்டா?

தீவிர_சிகிச்சை:
நடுக்கேள்விக்கு முதலில் பதில்: நிறுத்தி வைக்கக் கூடாது டாக்டர். ஷாக்கில் (பிரஷர் இறங்கி உறுப்புகளுக்கு ரத்தம் போதாத நிலையில்) இருப்பவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போயாக வேண்டும். ஷாக் இல்லை, தொற்றுதானா என்பதும் உறுதியில்லை என்றால் வேகமாகச் சோதித்துப் பார்க்க 3 மணி நேரம் வரை இருக்கிறது. 2021-ல் வந்த சர்வதேச செப்சிஸ் வழிகாட்டி, ஆன்டிபயாடிக்கை ஆரம்பிக்கும் முடிவுக்குப் பிசிடியைத் துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம் என்கிறது. எப்போது நிறுத்துவது என்ற முடிவுக்குத்தான் அதைப் பரிந்துரைக்கிறது. ஆகவே ரிசல்ட் மறுநாள் வருவது நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பெரிய இடைஞ்சல் இல்லை.

அளவு விஷயம். மில்லிக்கு 0.5 நானோகிராமுக்குக் கீழே என்றால் செப்சிஸ் வாய்ப்பு குறைவு, 2-க்கு மேலே என்றால் அதிகம். வழக்கமாகச் சொல்லும் கணக்கு இதுதான். ஆனால் 2013-ல் 30 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது உணர்திறன் (நோய் உள்ளவரைக் கண்டுபிடிப்பது) 77 சதவீதம், தனித்தன்மை (நோய் இல்லாதவரை இல்லை என்று காட்டுவது) 79 சதவீதம் என்றுதான் வந்தது. அதாவது செப்சிஸ் உள்ள 100 பேரில் 23 பேரைத் தவறவிடும். ஷாக்கில் கிடப்பவருக்கு 0.4 வந்தது என்பதற்காக மருந்தைத் தள்ளிப்போட்டால் அந்த 23 பேரில் ஒருவராக அவர் இருக்கலாம்.

தொற்று தொடங்கி 2 முதல் 6 மணி நேரத்தில் பிசிடி ஏற ஆரம்பிக்கும், 12 முதல் 24 மணி நேரத்தில் உச்சம் தொடும். தொற்று அடங்கினால் ஏறக்குறைய நாளுக்குப் பாதியாகும். சிஆர்பி மெதுவாக ஏறி இரண்டாம் நாள்தான் உச்சத்துக்கு வரும். நோயாளி சீக்கிரமே வந்துவிட்டால் இரண்டுமே குறைவாக இருக்கும். சீழ்க்கட்டி, இதய வால்வுத் தொற்று, காசநோய் ஆகியவற்றிலும் பிசிடி பெரிதாக ஏறாமல் இருக்கலாம்.

தொற்றே இல்லாமல் ஏறும் இடங்கள்: பெரிய வயிற்று ஆபரேஷன், விபத்துக் காயம், தீக்காயம், இதயம் நின்று மீண்டவர், இதய ஷாக், சித்திரை வெயிலில் விழுந்தவரின் ஹீட் ஸ்ட்ரோக். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் நாள் ஏறி அப்புறம் இறங்கினால் கவலையில்லை. மூன்றாம், நான்காம் நாள் மறுபடி ஏறினால் குடல் தையல் கசிகிறதா என்று ஸ்கேன் பாருங்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்குத் தொற்று இல்லாமலேயே 0.5-ஐத் தாண்டி நிற்கலாம். அவர்களிடம் ஒற்றை எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள், போக்கைப் பாருங்கள். டயாலிசிஸிலும் கொஞ்சம் வெளியேறிவிடும் என்பதால் சாம்பிளை டயாலிசிஸுக்கு முன்பே எடுப்பது நல்லது.

லாக்டேட் பிசிடி, சிஆர்பி வரிசையில் சேராது. அது தொற்றைக் காட்டுவதில்லை. திசுக்களின் நிலை எவ்வளவு மோசம் என்பதைக் காட்டுகிறது. திரவம் கொடுத்த பிறகும், சராசரி பிரஷரை 65-ல் நிறுத்த நார்அட்ரினலின் (பிரஷரை ஏற்றும் மருந்து) தேவைப்பட்டு, லாக்டேட் 2-க்கு மேல் இருந்தால் அது செப்டிக் ஷாக்.

லேப்_தேவகோட்டை:
சார், லேப் பக்கத்திலிருந்து ஒன்று. ‘நிறுத்தப் பயன்படுத்துங்கள்’ என்கிறார்கள், ஆனால் அதற்கு உச்ச அளவு தெரிய வேண்டும். பலரும் நாலாம் நாள்தான் முதல் பிசிடி அனுப்புகிறார்கள். அப்போது 6 வந்தால் அது 40-லிருந்து இறங்கிய 6-ஆ, 2-லிருந்து ஏறிய 6-ஆ என்று யார் சொல்வது? அட்மிஷனில் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுக்கும் அதே குத்தில் ஒரு ஜெல் டியூபும் எடுத்து, அரை மணி உறையவிட்டு, சுழற்றி, சீரத்தை (மேலே நிற்கும் தெளிந்த நீரை) பிரித்து 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள். மறுநாள் காலை தேவை என்று தோன்றினால் அனுப்பலாம், தேவையில்லை என்றால் காசு மிச்சம்.

பஸ்ஸில் கொடுத்து விடும்போது பிரிக்காத ரத்தமாக அனுப்பாதீர்கள். ஐஸ் பேக் வைத்த பெட்டியில் பிரித்த சீரமாகப் போகட்டும், ஐஸ் நேராக டியூபில் படக் கூடாது. ஒரு நோயாளிக்கு எல்லாச் சாம்பிளும் ஒரே லேபுக்கு, ஒரே மெஷினுக்குப் போக வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி எண் மாறும், இடையில் லேப் மாற்றினால் போக்கு கெட்டுவிடும். முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவரா என்றும் கேளுங்கள். சில மெஷின்களில் அது பிசிடியைக் குறைத்துக் காட்டும்.

லாக்டேட்டை நீங்களே பார்ப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஃப்ளோரைடு டியூப், ஐஸ், 15 நிமிடத்துக்குள் சுழற்ற வேண்டும். மேஜையில் கிடந்தால் சிவப்பணுக்களே சர்க்கரையைத் தின்று லாக்டேட்டை ஏற்றிவிடும்.

காரைக்குடி_ஐசியு:
முதல் சீரத்தை எடுத்து வைக்கும் யோசனை இன்றிலிருந்தே நடைமுறை. நிறுத்தும் கணக்கை மட்டும் ஓர் உதாரணத்தோடு சொல்ல முடியுமா?

தீவிர_சிகிச்சை:
உச்சம் 42 என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சத்திலிருந்து 80 சதவீதம் இறங்க வேண்டும், அல்லது 0.5-க்கு வர வேண்டும். இரண்டில் ஒன்று போதும். 42-ல் 80 சதவீதம் போனால் 8.4. ஐந்தாம் நாள் 7.9 வந்து, நார்அட்ரினலினும் நின்று, காய்ச்சலும் இல்லை என்றால் நிறுத்தலாம். இங்கேதான் ரொம்பப் பேர் சறுக்குகிறார்கள்: ‘7.9 இன்னும் அதிகம்தானே’ என்று 0.5 வரும்வரை இழுக்கிறார்கள். நெதர்லாந்தில் 1,575 பேரிடம் இந்த விதியைச் சோதித்து 2016-ல் வெளியிட்டார்கள். ஆன்டிபயாடிக் நாட்கள் குறைந்தன, இறப்பு கூடவில்லை. பிரிட்டனில் 2,760 பேரிடம் நடந்த ஆய்வில் தினசரி பிசிடி பார்த்ததில் மிச்சமானது 0.9 நாளுக்குச் சற்றுக் குறைவு. சிஆர்பி பார்த்த பிரிவில் அந்த மிச்சமும் இல்லை.

எலும்பு, இதய வால்வு, வடிக்காத சீழ் இவற்றுக்கு இந்தக் கணக்கு செல்லாது. ரத்தத்தில் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா வளர்ந்தாலும் செல்லாது.

நுண்ணுயிரி_சிவகங்கை:
பிசிடிக்குச் செலவழிக்கும் முன் கல்ச்சரைச் சரிசெய்யுங்கள். ஒரு பாட்டிலில் 3 மில்லி ஊற்றி அனுப்பினால் எதுவும் வளராது. இரண்டு வெவ்வேறு இடத்தில் குத்தி, பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி, முதல் டோஸுக்கு முன்பாக. குளோர்ஹெக்சிடின் ஸ்பிரிட் தடவி, காயும்வரை பொறுத்துக் குத்த வேண்டும். ஈரத்திலேயே குத்துவதால்தான் தோல் கிருமி வளர்ந்து ரிப்போர்ட் குழப்புகிறது.

இன்னொன்று, நம் பக்கத்துக்கே உரியது. பிசிடி 3, தட்டணு 60 ஆயிரம், கல்லீரல் என்சைம் கூடுதல், மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக் கொடுத்து மூன்று நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. அது ஸ்க்ரப் டைஃபஸாக (புதர்ப் பூச்சி கடித்து வரும் காய்ச்சல்) இருக்கலாம். அதிலும் பிசிடி ஏறும், மலேரியாவிலும் லெப்டோவிலும் (எலிக்காய்ச்சல்) ஏறும். மெரோபெனம் ஸ்க்ரப்பைத் தொடவே தொடாது. கருவேலங்காட்டில் விறகு பொறுக்கினவரா, ஆடு மேய்த்தவரா என்று கேளுங்கள். அக்குள், இடுப்பு மடிப்பு, மார்புக்குக் கீழே, புடவைக் கட்டு படும் இடம் என்று பூச்சி கடித்த கருத்த பொருக்கைத் தேடுங்கள். முதல் வாரத்தில் ஐஜிஎம் (எதிர்ப்புப் பொருள் சோதனை) நெகட்டிவ் வந்தாலும் சந்தேகம் இருந்தால் மருந்தை ஆரம்பித்துவிடுங்கள். டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழி கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட மேல் என்று 2023-ல் வெளியான இந்திய ஆய்வு காட்டியிருக்கிறது.

லேப்_தேவகோட்டை:
மெஷின் விஷயம் விட்டுப்போச்சு. கோடு பார்த்துச் சொல்லும் கார்டு வாங்காதீங்க சார். 0.5, 2, 10 என்று மூன்று படிதான் காட்டும், அதில் 80 சதவீதக் கணக்குப் போட முடியாது. 30 நிமிடத்தில் பார்க்க வேண்டிய கார்டை ஒரு மணி கழித்துப் பார்த்தால் கோடு அழுத்தமாகித் தவறாகக் காட்டும். எண்ணாகத் தரும் சின்ன மெஷின் என்றால் சரி. ஆனால் உங்கள் 8 படுக்கையில் வாரத்துக்கு எத்தனை டெஸ்ட் போகும் என்று முதலில் எண்ணுங்கள். திறந்த கிட் காலாவதிக்குள் தீரவில்லை என்றால் நஷ்டம், கன்ட்ரோல் (அளவு தெரிந்த சாம்பிளால் மெஷினைச் சரிபார்ப்பது) ஓட்டாமல் விட்டால் அதைவிடப் பெரிய நஷ்டம். எண்ணிக்கை போதாது என்றால் மதுரையே போதும், முதல் சீரம் மட்டும் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும்.