மறுமொழி: கேம் கீ கார்டுக்குத் ‘திறவட்டை’ என்று வைக்கலாமா?

வணக்கம் நண்பர்களே,

வீடியோ கேம்களுக்கான ‘கேம் கீ கார்டு’ என்பதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று இந்த இழையில் இதுவரை வந்த சொற்களை எல்லாம் படித்துவிட்டேன். என் முன்மொழிவு ‘திறவட்டை’. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நாம் போடும் ஆட்டச் செய்திகளைப் படித்துவிட்டுத்தான் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பல பேர் மின்னணுக் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் பஸ் ஏறுகிறார்கள். சொல் குழப்பினால் அவர்கள் கைக்காசு போகும்.

முதலில் பொருளைப் பார்ப்போம். 2025 ஜூன் 5 அன்று நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 என்ற ஆட்டக் கருவி வந்தபோது கூடவே வந்த ஏற்பாடு இது. பார்க்க வழக்கமான கேம் கார்டு மாதிரியே இருக்கும், அட்டைப்பெட்டியின் முகப்பில் கீழே ஒரு சாவிப் படமும் ஓர் அறிவிப்பும் மட்டும்தான் வித்தியாசம். ஆனால் கார்டுக்குள் ஆட்டம் இருக்காது. கருவியில் செருகினால் முழு ஆட்டத்தையும் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வழிவிடும், அவ்வளவுதான். இறக்கி முதல்முறை ஓடவிட்ட பிறகு இணையம் தேவையில்லை, ஆனால் எப்போது ஆடினாலும் கார்டு கருவியில் இருந்தாக வேண்டும். எந்தக் கணக்கோடும் கட்டப்படாததால் நண்பனுக்கு இரவல் கொடுக்கலாம், ஆடி முடித்து விற்றுவிடலாம். ஆக, உள்ளே ஆட்டம் இல்லை, திறக்க உதவுகிறது, கைமாறும். இந்த மூன்றில் எதையும் மறைக்காத சொல் வேண்டும்.

> விசைப்பலகை என்கிறோமே, அதே வழியில் விசையட்டை?

ஆங்கிலத்தில் விசைக்கும் சாவிக்கும் ‘கீ’ என்று ஒரே சொல், நமக்கு அப்படி இல்லையே. தட்டுவது விசை, பூட்டைத் திறப்பது சாவி அல்லது திறவுகோல். நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் வேறுபாட்டை நாமே ஏன் அழிக்க வேண்டும்?

> உரிம அட்டை என்றால் சட்டப்படி சரியாக இருக்கும்.

இதைத்தான் நான் அதிக நேரம் யோசித்தேன். ஆனால் உரிமம் என்றாலே ஒரு பெயரில் இருப்பது, ஓட்டுநர் உரிமத்தைத் தம்பிக்குக் கொடுத்து ஓட்டச் சொல்ல முடியாது. இந்தக் கார்டோ யார் கையில் இருக்கிறதோ அவருடையது. வாங்குகிறவருக்கு இதில் இருக்கும் ஒரே ஆறுதலே அதுதான், அதைச் சொல்லே மறுத்துவிடக் கூடாது.

‘சாவி அட்டை’யைச் சிலர் போர்த்துகீசியம் என்று தள்ளியது எனக்கு ஒப்பில்லை. ஜன்னலும் அலமாரியும் அங்கிருந்துதான் வந்தன, யாரும் வெளியே தூக்கிப் போடவில்லை. ஹோட்டல் அறையைத் திறக்கும் அட்டை என்று பொருள்படும் என்பதுதான் என் தயக்கம். ஓசூர் நண்பர் தெலுங்கில் சாவிக்குத் ‘தாளம்செவி’ என்பதிலிருந்து தாழ் என்ற சொல்லைப் பிடித்து ‘தாழட்டை’ என்றார், காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் தமிழில் தாழ் போடுவது அடைக்கத்தானே.

அப்புறம் பாலக்கோடு நண்பர், உள்ளே ஒன்றுமில்லை என்ற கோபத்தில் சொன்ன ‘வெற்றட்டை’. அவர் கோபம் எனக்குப் புரிகிறது, நானும் அதே கோபத்தில்தான் இருக்கிறேன். வீட்டில் ஃபைபர் இல்லாமல் ஒரு நாளைக்கு 2 ஜிபி மொபைல் டேட்டாவை வைத்துக்கொண்டு 60 ஜிபி ஆட்டத்தை இறக்க உட்கார்ந்தால் ஒரு மாத டேட்டா முழுக்க அதற்கே போய்விடும். பென்னாகரத்திலோ தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலோ பெட்டியைப் பிரிக்கும் பையனுக்கு அது ‘வெற்று’தான். கருவியின் உள் நினைவகமும் 256 ஜிபிதான், போதவில்லை என்றால் சாதாரண மெமரி கார்டு செல்லாது, மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற புதுவகைக் கார்டைத் தனியாக வாங்க வேண்டும். சர்வரை ஒருநாள் மூடிவிட்டால்? நின்டெண்டோவின் பழைய கருவிகளான 3டிஎஸ், வீ யூ இரண்டின் இணையக் கடைகளிலும் 2023 மார்ச் 27 அன்று விற்பனை நின்றது, வாங்கி வைத்ததை மறுபடி இறக்கிக்கொள்ள மட்டும் வழி வைத்தார்கள். அந்த வழி எத்தனை ஆண்டு என்று யாரும் நமக்கு எழுதிக் கொடுக்கவில்லை. ஜப்பானின் தேசிய டயட் (நாடாளுமன்ற) நூலகம் பெட்டியில் வரும் வீடியோ கேம்களை 2000 முதல் சேர்த்து வைக்கிறது, அவர்களே இந்தக் கார்டில் உள்ளடக்கம் இல்லை, சேகரிப்பில் சேர்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு நூலகம் இதற்கு மேல் தெளிவாகச் சொல்ல முடியாது. ஆனாலும் நாம் செய்வது கலைச்சொல். கோபத்தைக் கட்டுரையில் எழுதுவோம், பெயரில் ஏற்றினால் விற்கிற கடைக்காரர் எவரும் அந்தச் சொல்லைத் தொட மாட்டார்.

‘திறவட்டை’ ஏன் பொருந்தும் என்றால், தமிழில் ‘அட்டை’ என்பதற்கு ஏற்கெனவே அந்தக் குணம் இருக்கிறது. ரேஷன் அட்டைக்குள் அரிசி இருக்கிறது என்று யாரும் நினைப்பதில்லை, காட்டினால் அரிசி கிடைக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். இந்தக் கார்டும் அப்படித்தான் வேலை செய்கிறது. திறவு + அட்டை சேர்க்கையில் இலக்கணச் சிக்கலும் இல்லை, உணவு + அகம் உணவகம் ஆனது போலத்தான்.

இதற்கு எதிர்ப்பக்கத்துச் சொல்லும் கூடவே வேண்டும், இல்லையென்றால் பாதி வேலைதான் முடியும். ஆட்டம் முழுவதும் உள்ளேயே இருக்கும் கார்டுக்கு ‘ஆட்டப்பேழை’ என்று வைப்போம். ஒலிப்பேழை பழகிய சொல், நம் வீடுகளில் 90-களில் டிவியில் மாட்டி ஆடியதையும் ‘கேசட்’ என்றுதான் சொன்னோம், ஊதி ஊதிப் போட்டோம். பேழை என்றால் உள்ளே சரக்கு உண்டு. சைபர்பங்க் 2077 ஸ்விட்ச் 2-க்கு 64 ஜிபி கார்டில் முழுசாக வந்தது, அது பேழை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 திறவட்டை. ஃபைனல் ஃபேன்டசி 7 ரீமேக்கும் திறவட்டை. “புது ஆட்டம் பேழையா, திறவட்டையா?” என்று ஒரு வரியில் கேட்க முடிகிறது பாருங்கள். இனி வரப்போகும் ஆட்டங்களைப் பற்றி எழுதும்போது வெளியீட்டுத் தேதிக்குப் பக்கத்திலேயே இதையும் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, விலையை விட இது முக்கியம். நின்டெண்டோவுக்கு இந்தியாவில் முறையான விற்பனையே இல்லாததால், இறக்குமதிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க நம் ஆட்களுக்கு இடம் கிடையாது.

வெறும் காகிதத்தில் எண் அச்சிட்டுப் பெட்டியில் போட்டுத் தருவதை இதோடு சேர்க்காதீர்கள். அது ஒரு கணக்கில் ஏறியதோடு தீர்ந்துவிடும், கைமாறாது. ‘பதிவிறக்கக் குறியீடு’ என்ற பழைய சொல்லே அதற்குப் போதும்.

அகராதிப் பக்கத்துக்கு என் விளக்கம் இது:

திறவட்டை (பெ.): ஆட்டத்தின் தரவு இல்லாமல், அதை இணையத்திலிருந்து இறக்கவும் ஆடவும் கருவியில் செருகவேண்டிய, கைமாற்றக்கூடிய அட்டை.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், காரணத்தோடு. அடுத்து ‘விர்ச்சுவல் கேம் கார்டு’ காத்திருக்கிறது. டிஜிட்டலாக வாங்கியதைக் குடும்பக் குழுவில் ஒருவருக்கு இரண்டு வாரம் இரவல் தரும் வசதி அது. ‘மெய்நிகர் பேழை’ என்று ஒருவர் தனிமடலில் சொன்னார், எனக்கு அரை மனதுதான், அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.

அன்புடன்,
காவேரிப்பட்டணத்திலிருந்து