ஜூலையில் வார்ப்பு வேண்டாம், தம்பி

மஸ்கட் வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. அதற்குள் மார்த்தாண்டத்தில் சுவர் எழும்பிவிட்டது, ஜூலை விடுமுறையில் போய் மேல்தள வார்ப்பை முடித்துவிடுவேன் என்று எழுதியிருக்கிறாய். ஜூலையை மறந்துவிடு. இங்கே பள்ளி விடுமுறை அப்போதுதான் என்பதால் எல்லோரும் அந்த மாதத்தில்தான் ஊருக்குப் போகிறோம்; அங்கே அது தென்மேற்குப் பருவமழைக் காலம். அக்டோபரில் வடகிழக்கு மழை தொடங்கிவிடும். இரண்டு மழையும் பெய்கிற மாவட்டம் நம் கன்னியாகுமரி. ரப்பருக்கு நல்லது, வார்ப்புக்கு அல்ல. ஜனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ பத்து நாள் விடுப்புக் கேள்.

விடுப்பு கிடைக்காவிட்டால், அந்த ஒரு நாளுக்காவது கூலி கொடுத்து ஒரு பொறியாளரை நிறுத்து. ஒப்பந்தக்காரர் கூட்டிவருபவர் வேண்டாம், உன் ஆளாக இருக்கட்டும். நான் மச்சானை நம்பினேன். தங்கமான மனிதர், ஆனால் கான்கிரீட் இளகலாக இருந்தால் பரப்புவது சுலபம் என்று மிக்ஸரில் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போனதை அவர் பார்க்கவில்லை. ஆட்களுக்குப் பிரியாணி வாங்கப் போயிருந்தார். அடுத்த மழையிலேயே படுக்கையறைக்குள் வாளி வைத்தோம். தண்ணீர் சிமென்ட் எடையில் பாதி என்றால் 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர். மணல் ஈரமாக இருந்தால் அதையும் இதில் கழிக்க வேண்டும். மிக்ஸரில் எத்தனை வாளித் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று அன்று யாராவது எண்ண வேண்டும்.

1,000 சதுர அடி, ஐந்து அங்குலக் கனம் என்றால் ஏறக்குறைய 12 கன மீட்டர் கான்கிரீட். ஆலையிலேயே கலந்து லாரியில் வரும் கான்கிரீட்டாகவே வாங்கலாம், ஆனால் அந்த லாரி உங்கள் இடவழியில் திரும்புமா என்று முதலில் பார்.

கொத்தனாரைத் தேர்ந்தெடுக்கும்போது புதிதாக வெள்ளையடித்த வீட்டைக் காட்டுவார்கள். அதைப் பார்த்து மயங்காதே. அவர் கட்டி இரண்டு மழை கண்ட வீடு எங்கே என்று கேட்டு, அங்கே அப்பாவை அனுப்பி அண்ணாந்து பார்க்கச் சொல். பணத்தை மாதக் கணக்கில் அனுப்பாதே, வேலைக் கணக்கில் அனுப்பு. கம்பி கட்டி, கம்பி தரையைத் தொடாமல் தூக்கிப் பிடிக்கும் சின்னக் கட்டைகளை (கவர் பிளாக்) அடியில் வைத்த படத்தைப் பொறியாளர் பார்த்துச் சரி என்ற பிறகே வார்ப்புக்கான தொகை. குளச்சல் போலக் கடலோரமாக இருந்தால் கம்பிக்குக் கீழே கான்கிரீட் கூடுதல் கனம் வேண்டும், உப்புக் காற்று கம்பியை விடாது.

கடைசித் தவணையை மட்டும் கையில் வைத்துக்கொள். வார்ப்பைத் தாங்கும் சென்ட்ரிங் தகடு அடுத்த வீட்டுக்கு வேண்டும் என்று, அடியில் கொடுத்த முட்டுகளைச் சீக்கிரம் பிரிக்க அவசரப்படுத்துவார்கள். பொறியாளர் தேதி சொல்லாமல் ஒரு முட்டும் நகரக் கூடாது. சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமென்ட் என்றால் வார்ப்பின் மேல் குறைந்தது 10 நாள் தண்ணீர் கட்டி நிறுத்த வேண்டும். அம்மாவிடம் சொன்னால் போதும், காலையும் மாலையும் பார்த்துக்கொள்வார்.

பிரியாணிக்கு முந்தின நாளே சொல்லிவிடு, வீட்டுக்கே கொண்டுவந்து தரட்டும்.