அம்மம்மாவின் நினைவு மலருக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதுவது எப்படி?

கேள்வி: சுன்னாகத்துப் பேத்தி

எங்கள் அம்மம்மா கடந்த மாதம் தமது 93ஆவது வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவருடைய நினைவு மலருக்கு வாழ்க்கைக் குறிப்பை எழுதும் பொறுப்பைக் குடும்பத்தார் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அவர் யாழ்ப்பாணத்தில் உடுவில் மகளிர் கல்லூரியில் கற்றவர். இணுவில் மக்லியொட் வைத்தியசாலையில் நெடுங்காலம் மருத்துவிச்சியாகப் பணியாற்றியவர். ஆசிரியராகவும் சபை மூப்பராகவும் இருந்த அம்மப்பாவுடன் 58 ஆண்டுகள் இல்லறம் நடத்தியவர். என் வரைவில் பிறந்த ஊர், பெற்றோர், திருமணம், மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாம் முறைப்படி இருக்கின்றன. ஆனால் அவருடைய குணங்களைச் சொல்ல வந்தால் "அன்பின் உறைவிடம்", "பொறுமையின் சிகரம்" என்று எவருக்கும் பொருந்தும் சொற்களே வந்து விழுகின்றன. அம்மப்பா ஊரறிந்தவராதலால், அம்மம்மாவைப் பற்றித் தொடங்கும் பந்திகளும் அவரிடமே போய் முடிகின்றன. அம்மம்மாவின் விசுவாசத்தையும் உழைப்பையும் அவருடையதாகவே காட்ட எப்படி எழுதலாம்?

பதில்: உடுவில் பழைய மாணவி

தங்கைக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். நம் கல்லூரியை 1824இல் தொடங்கிய ஹரியற் வின்சிலோ அம்மையார் 1833இல் உடுவிலிலேயே மறைந்தார். தமிழ் அகராதியால் பின்னர் புகழ்பெற்ற அவருடைய கணவர் மைரன் வின்சிலோ, மனைவியின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1835இல் வெளியிட்டார். அந்நூலில் அம்மையாரின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் நிறைய இடம்பெற்றிருப்பதால், எழுதியவர் கணவராயினும் நாம் கேட்பது பெரிதும் அம்மையாரின் குரலையே. உங்கள் அம்மம்மா வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு எழுதிய கடிதங்கள் நிச்சயமாக எங்கேனும் இருக்கும். அவற்றைக் கேட்டு வாங்குங்கள். அவருடைய வேதாகமத்தையும் ஏடு ஏடாகப் புரட்டிப் பாருங்கள். அந்தத் தலைமுறைப் பெண்கள் பலர் பிறப்பு, ஞானஸ்நானம், மரணம் ஆகியவற்றின் திகதிகளை அதன் முன்பக்கங்களிலும், தம்மைத் தேற்றிய வசனங்களுக்கு அருகே ஓரிரு சொற்களையும் குறித்து வைத்திருப்பார்கள். அப்படி அவர் கைப்பட எழுதிய இரண்டு வரி கிடைத்தாலும் போதும், நீங்கள் சொன்ன அடைமொழிகள் எல்லாவற்றையும் நீக்கிவிடலாம்.

பதில்: ஓய்வுபெற்ற குருவானவர்

வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்தில் தொற்காள் மரித்தபோது நடந்ததை மகள் மறுபடியும் வாசிக்க வேண்டும். பேதுரு வந்து சேர்ந்ததும், விதவைகள் அழுதுகொண்டு, அவள் தங்களுக்குத் தைத்துக் கொடுத்த ஆடைகளை எடுத்துக் காட்டினார்கள். அவளுடைய குணத்தைப் பற்றி அவர்கள் பேசியதாக அங்கே எழுதப்படவில்லை. ஆகவே மலரை வீட்டுக்குள் இருந்தே எழுதி முடித்துவிடாதீர்கள். வலிகாமத்தில் எத்தனையோ பேர் இணுவில் வைத்தியசாலையில் பிறந்தவர்கள். அவர்களைப் பெற்ற தாய்மாரில் இன்னும் இருப்பவர்களைச் சென்று காணுங்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் போரால் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பக்கம் நகர்ந்தபோது அவர் யாருடன் நடந்தார், தென்மராட்சியில் தங்கியிருந்த மாதங்களில் என்ன செய்தார் என்பதையும் விசாரியுங்கள். விசுவாசம் எவ்வளவு ஆழமானது என்பதை அப்படிப்பட்ட காலத்தில் உடனிருந்தவர்களே சொல்லக் கூடியவர்கள். பிடியரிசிக் காணிக்கையையும் மறக்க வேண்டாம். அவர் அதைச் செய்துவந்தவரானால் ஒரு வரியாவது எழுதுங்கள். ஒவ்வொரு வேளையும் உலையில் இடுமுன் ஒரு பிடியை ஊழியத்துக்கென எடுத்து வைத்த நம் பெண்களின் கையால்தான் இங்குள்ள பல சபைகள் தாங்கப்பட்டன.

பதில்: இணுவில் அயலவர்

நாங்கள் சைவக் குடும்பம். என் இரண்டு பிள்ளைகளும் இணுவில் வைத்தியசாலையில்தான் பிறந்தார்கள். அங்கிருந்த மருத்துவிச்சி அம்மா ஒருவர், எனக்கு நோவு கூடிய நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு தம் ஆண்டவரிடம் சத்தமில்லாமல் மன்றாடினார். பிள்ளை பிறந்த பின்னர் என் மாமியார் விபூதி பூசியபோது முகம் கோணாமல் பக்கத்தில் நின்றார். அவர் உங்கள் அம்மம்மாவாக இருந்தால் எனக்கு மிகவும் மகிழ்ச்சி. இல்லாவிட்டாலும், எங்களைப் போன்ற வீடுகளிலும் கேட்டுப் பாருங்கள், பிள்ளை.

அம்மப்பாவைக் குறைத்து எழுத வேண்டும் என்று மட்டும் நினைக்காதீர்கள். அந்தக் காலத்தில் ஒரு பெண் இரவுக் கடமைக்குப் போய் விடியற்காலையில் வீடு திரும்புவதென்றால், பிள்ளைகளை எழுப்பிக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்ப வீட்டில் ஒருவர் வேண்டும். அவர் அதைச் செய்தாரா என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். செய்திருந்தால் அதை எழுதுங்கள். 58 ஆண்டு இல்லறத்தைப் பற்றி அதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது. மூப்பர் பதவி, கூட்டத் தலைமை முதலியவை ஊருக்குத் தெரிந்தவைதானே, அவற்றை ஒரு வரியில் முடிக்கலாம்.

பதில்: சுன்னாகத்துப் பேத்தி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவிடம் இன்று காலையே கேட்டேன். இரவுக் கடமை நாட்களில் அம்மப்பாதான் அவருக்கும் மாமாவுக்கும் தலை வாரி, புட்டு அவித்து அனுப்பினாராம்; எங்களுக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. கனடாவிலுள்ள மாமா கடிதங்களைப் படம் பிடித்து அனுப்புவதாகக் கூறியிருக்கிறார். இணுவில் அம்மா, உங்களை நேரில் வந்து பார்க்க அனுமதி தருவீர்களா? எங்கள் அம்மம்மாவின் படத்தையும் கொண்டுவருகிறேன்.