கள்ளியங்காடு எங்கே இருக்கிறது? 'லோகா'வை வைத்து ஒரு சண்டை

நாஞ்சிலான்_மாரத்தஹள்ளி:
நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மண்டை காய்கிறது. மலையாளத்தில் வந்த 'லோகா' மாதிரி ஒரு சூப்பர் ஹீரோ படத்தைத் தமிழில் எடுக்கவே முடியாதாம். அதில் வருகிற நீலி என்ற பேய் முழுக்க முழுக்கக் கேரளத்துச் சொத்தாம். நம்மிடம் கதையே இல்லையாம். நம்மிடம் இருப்பதெல்லாம் வெள்ளைப் புடவையும் 'காஞ்சனா'வும்தானாம். படம் எனக்கும் பிடித்தது, அதில் சண்டை இல்லை. டொமினிக் அருண் நன்றாக எடுத்திருக்கிறார், கல்யாணி பிரியதர்ஷன் அந்தப் பாத்திரத்துக்கு அப்படியே பொருந்துகிறார். ஆனால் படத்தில் வருகிறவள் யார்? கள்ளியங்காட்டு நீலி. கள்ளியங்காடு எங்கே இருக்கிறது? நாகர்கோவிலுக்குப் பக்கத்தில், கன்னியாகுமரி மாவட்டத்தில், தமிழ்நாட்டில். எங்கள் ஊர்ப் பேயை அடுத்த வீட்டுக்காரன் குளிப்பாட்டிச் சீவி முடித்துக் கொண்டு வந்ததும் 'நம்மிடம் கதையே இல்லை' என்று எழுத எப்படி மனசு வருகிறது?

கேப்_இல்லாதவன்:
அந்த ஒருவர் நான்தான். பெயரைப் போட்டே எழுதலாமே அண்ணா, 'மாவீரன்' சண்டையிலும் இப்படித்தான் 'ஒருவர்', 'ஒருவர்' என்று ஜாடை பேசினீர்கள். நான் எழுதியது சினிமாவைப் பற்றி. 2025 ஆகஸ்ட் 28இல் வந்த படம், உலகம் முழுக்க 300 கோடிக்கு மேல் வசூல், நம் பெங்களூரிலேயே நடக்கிற கதை, பெண்தான் சூப்பர் ஹீரோ. நம் பக்கம் என்ன இருக்கிறது? 2012இல் 'முகமூடி' வந்தது. முகமூடி மட்டும்தான் இருந்தது, சக்தி எதுவும் இல்லை, குங்ஃபூ கற்றுக்கொண்ட ஒரு பையன், அவ்வளவுதான். 2019இல் 'ஹீரோ'. 2023இல் 'மாவீரன்', மேலே அண்ணாந்து பார்த்தால் குரல் கேட்கும். அது எனக்குப் பிடித்த படம், ஆனால் அதைச் சூப்பர் ஹீரோ படம் என்று சொல்ல மாட்டேன். மலையாளத்தில் 1979லேயே 'கள்ளியங்காட்டு நீலி' என்ற பெயரிலேயே படம் எடுத்துவிட்டார்கள். கதை உங்கள் ஊரில் இருந்து என்ன பயன், கேமரா அவர்கள் கையில்தானே இருந்தது?

நாஞ்சிலான்_மாரத்தஹள்ளி:
நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. கள்ளியங்காடு எங்கே இருக்கிறது? வசூல் கணக்கு எனக்கும் தெரியும்.

அல்சூர்_ஆதி:
அண்ணா, 1956 நவம்பர் 1 வரை நாகர்கோவிலே திருவிதாங்கூர்–கொச்சியில்தான் இருந்தது. நீலி கதை அதற்கு எத்தனையோ தலைமுறை முந்தையது. பேய்க்கு எல்லைக்கோடு போட்டுப் பங்கு பிரித்தால், தாத்தா காலத்திலிருந்து பெங்களூர் அல்சூரிலேயே இருக்கிற தமிழனான என்னை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? கடமற்றத்துக் கத்தனார் என்ற மந்திரவாதப் பாதிரியார் யட்சி என்கிற பெண் பேயை அடக்கிய கதையை 'ஐதிகமாலை'யில் எழுதி வைத்தவர் கொட்டாரத்தில் சங்குண்ணி. மலையாளத்தில் எழுதினார், 1909இலிருந்து புத்தகமாக வந்துகொண்டிருந்தது. எழுதி வைத்தவனுக்குத்தான் கதை.

நாஞ்சிலான்_மாரத்தஹள்ளி:
எழுதி வைத்தவனுக்குத்தான் கதையா? நல்ல நியாயம் மக்கா. அப்படியானால் வில்லுப்பாட்டுக்காரன் எல்லாம் என்ன செய்துகொண்டிருந்தான்? எங்கள் பக்கம் கோயில் கொடையில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பாடுகிற நீலி கதை யாருடையது? அந்தக் கதையில் காதலன் நகைக்காக அவளைக் கொல்வது கள்ளிச்செடிக்குப் பக்கத்தில். அவள் சோழ ராஜாவுக்கு மகளாக, அண்ணன் நீலனோடு சேர்ந்து மறுபடி பிறக்கிறாள். கொன்றவன் வணிகனாகப் பிறந்து வரும்போது கள்ளிக்கொப்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'இவர் என் புருஷன், என்னை விட்டு ஓடுகிறார்' என்று ஊர்ச்சபையில் அழுகிறாள். சபை அவளை நம்பி இருவரையும் ஒரே வீட்டுக்குள் அனுப்புகிறது. அவனை முடித்துவிட்டுப் போகிறாள். எந்த ஹாலிவுட் படத்தில் இப்படி ஒரு காட்சி இருக்கிறது, சொல்லுங்கள். அடிதடி கிடையாது, பறக்கவில்லை, ஒரு கள்ளிக்கொப்பு போதும்.

நீங்கள் சொல்கிற அந்தக் கத்தனார் கதையிலேயே யட்சி திரிந்த வழி எது? பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரம் போகிற காட்டுவழி. பத்மநாபபுரம் இன்று எந்த மாவட்டத்தில் இருக்கிறது? அதற்கும் பதில் சொல்லுங்கள்.

பேய்ப்பட_ராணி:
எல்லாரும் வரைபடத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். என் கோபம் வேறு. யட்சி என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பயம் உண்டு. ராத்திரி வழியில் நின்று வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள், பனைமரம் மாளிகையாகத் தெரியும், காலையில் மரத்தடியில் நகமும் முடியும்தான் கிடக்கும். அந்த யட்சியைக் கொண்டு வந்து இங்கே ஒரு கஃபேயில் ராத்திரி ஷிஃப்ட் வேலை பார்க்க வைத்து, எதிர் வீட்டுப் பையன் அவளைப் பார்த்து மயங்குகிறான் என்றால், எனக்கு அவள் நல்ல தோழியாகத்தான் தெரிகிறாள். பயமே இல்லை. தமிழில் பேய்ப்படம் இல்லை என்று சொல்கிறவர்கள் 2009ஐ ஒருமுறை திரும்பிப் பார்க்கட்டும். 'யாவரும் நலம்' அதே வருஷம், 'ஈரம்' அதே வருஷம். 'ஈரம்' பார்த்துவிட்டு வாளியில் தண்ணீர் நிரம்புகிற சத்தத்துக்கே எனக்கு உடம்பு சிலிர்த்தது. 2015இல் 'மாயா', 'டிமான்டி காலனி'. நம்மிடம் பயம் இருக்கிறது. அவர்களிடம் சூப்பர் ஹீரோ இருக்கிறாள். இரண்டும் வேறு வேறு.

கேப்_இல்லாதவன்:
ராணி அக்கா, 'லோகா' பேய்ப்படம் என்று யார் சொன்னது? அதைப் பயத்துக்கு மார்க் போட எடுத்துக்கொண்டால் எந்தச் சூப்பர் ஹீரோ படமும் தேறாது. உறுப்புக் கடத்துகிற கும்பலை ஒரு பெண் அடித்து நொறுக்குகிறாள், அவளுக்கு நூற்றுக்கணக்கான வருஷ வயது, வெயில் ஆகாது, ரத்தம் வேண்டும். இதை இத்தனை தெளிவாக நம் ஊர்க் கதையிலிருந்து எடுத்துச் செய்ததுதான் சாதனை.

நாஞ்சிலான்_மாரத்தஹள்ளி:
'நம் ஊர்க் கதை' என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேப்_இல்லாதவன்:
நம் ஊர் என்றால் தென்னாட்டு ஊர் என்ற அர்த்தத்தில் எழுதினேன். வார்த்தையைப் பிடித்துத் தொங்க வேண்டாம்.

இந்திராநகர்_இரவுக்காட்சி:
நான் ஒன்று கேட்கிறேன், யாரும் சாண்டியைப் பற்றி ஏன் பேசவில்லை? நம் சாண்டி மாஸ்டர், தமிழ் ஆள், கர்நாடக இன்ஸ்பெக்டர் நாச்சியப்ப கவுடாவாக வந்து மிரட்டிவிட்டுப் போயிருக்கிறார். 'லியோ'வில் கொஞ்ச நேரம் வந்தே கலக்கினார், இதில் முழு வில்லன். இவரை நடனம் ஆட மட்டும் வைத்திருந்தது தமிழ் சினிமா. உங்கள் பேய்ப் பஞ்சாயத்தை விட எனக்கு இதுதான் வயிற்றெரிச்சல். அப்புறம் ஒரு வேண்டுகோள், தயவுசெய்து மலையாளத்திலேயே பாருங்கள். தமிழ் டப்பிங்கில் பார்த்துவிட்டு வந்து கருத்து சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

அல்சூர்_ஆதி:
டப்பிங்கில் பார்த்தவன் நான். என் அம்மாவுக்கு மலையாளம் புரியாது, வீட்டோடு உட்கார்ந்து பார்த்தோம். இதில் உங்களுக்கு என்ன கஷ்டம்? ஊர்வசி தியேட்டரில் பெரிய திரையில் பார்த்தால்தான் படம் என்று போன மாதம் ஒரு பாடம் எடுத்தீர்கள், இப்போது மொழிப் பாடம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் படத்தில் எங்கள் ஊரைப் பற்றி வந்த ஒரு வசனத்துக்குக் கன்னடர்கள் வருத்தப்பட்டு, தயாரிப்பாளர் தரப்பே மன்னிப்புக் கேட்டது நினைவிருக்கிறதா? பெங்களூரு என்றாலே போதை, பார்ட்டி, ராத்திரி என்று காட்டுகிறவர்களுக்கு இந்த ஊருக்கென்று ஒரு பேய் இருந்தது தெரியாது. 90களில் ஊர் முழுக்கச் சுவரிலும் கதவிலும் 'நாளே பா', அதாவது கன்னடத்தில் 'நாளைக்கு வா' என்று எழுதி வைத்தார்கள். ராத்திரி ஒரு பெண் பேய் வந்து தெரிந்தவர் குரலில் கூப்பிடும், கதவில் இதைப் படித்தால் நாளைக்கு வரலாம் என்று திரும்பிப் போய்விடும். எங்கள் தெருவில் ஒரு வீடு பாக்கியில்லை. அந்தக் கதையிலிருந்துதான் 2018இல் இந்தியில் 'ஸ்திரீ' வந்தது. அதைக் கொண்டு போய் மத்தியப் பிரதேசத்துச் சந்தேரியில் வைத்தார்கள். 2024இல் இரண்டாம் பாகம் வந்து அள்ளியது. அதற்கு நான் ஒரு சண்டை போட்டேனா? கதை போகிற இடத்துக்குப் போகும் அண்ணா.

நாஞ்சிலான்_மாரத்தஹள்ளி:
போட்டிருக்க வேண்டும், ஆதி. நீங்கள் போடாததால்தான் இன்று வடக்கே யாரைக் கேட்டாலும் 'ஸ்திரீ' சந்தேரிப் பேய் என்கிறான். உங்கள் தெருவில் எழுதியிருந்தது யாருக்கும் தெரியாது. இதே கதி நீலிக்கு வரக்கூடாது என்றுதான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகிறவர்கள் ஆரல்வாய்மொழி தாண்டும்போது ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். காற்றாலைகள் நிற்கிற அந்தப் பகுதிதான் முப்பந்தல். அங்கே இசக்கி அம்மன் கோயில் இருக்கிறது. அந்தச் சாலையில் போகிற லாரிக்காரன் நிறுத்திக் கும்பிடாமல் போக மாட்டான். அந்த இசக்கி யார் என்று எங்கள் ஊரில் ஒரு கிழவியைக் கேளுங்கள், நீலி கதையைத்தான் சொல்லுவாள். நீலியைப் பேயாகப் பார்த்துப் பயந்தவர்களே அவளை அம்மனாக வைத்துப் பிள்ளைக்குத் தொட்டில் கட்டுகிறார்கள். கொன்றவளையே காவலுக்கு வைத்த ஊர் எங்கள் ஊர். சூப்பர் ஹீரோ என்று நீங்கள் புதிதாகக் கண்டுபிடித்ததை எங்கள் ஆட்கள் கல்லில் செய்து பொங்கல் வைத்துவிட்டார்கள்.

இது தெற்கோடு முடியவில்லை. திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் பழையனூர். அங்கே நீலியை நம்பி வணிகனுக்கு உயிர்ப்பிணை சொன்ன 70 வேளாளர்கள், அவன் செத்ததும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்கினார்கள் என்பது கதை. ஐஞ்சிறுகாப்பியங்களில் 'நீலகேசி' என்று ஒன்று இருக்கிறதே, அதன் நாயகியும் இந்தப் பழையனூர் நீலிதான். சுடுகாட்டில் தவமிருக்கும் முனிச்சந்திரர் என்ற சமண முனிவரைப் பயமுறுத்த வருகிறாள். அவர் அசையவில்லை. அவரிடமே பாடம் கேட்டு மாறி, பிறகு ஊர் ஊராகப் போய்ப் பௌத்தர்களோடும் மற்றச் சமயத்தாரோடும் வாதம் செய்து ஜெயிக்கிறாள். பேய் தர்க்கம் பேசி ஜெயிக்கிற காப்பியம் நம் கையில் இருக்கிறது. 'நம்மிடம் கதையே இல்லை' என்று எழுதிய விரல் யாருடையது?

கேப்_இல்லாதவன்:
விரல் வரைக்கும் வந்துவிட்டீர்கள். சரி, இத்தனை நீலி இருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பழையனூர் நீலி வேறு, முப்பந்தல் இசக்கி வேறு, கத்தனார் அடக்கிப் பருமலைப் பனையன்னார்காவில் போய்ச் சேர்ந்த யட்சி வேறு. எல்லாரையும் ஒரே ஆளாக்கி ஆதார் எண் கொடுக்கிறீர்கள். படத்தில் வருகிற நீலிக்கு நகைக்கொலை கிடையாது, கள்ளிக்கொப்புக் குழந்தை கிடையாது. அவர்கள் புதிதாக யோசித்தார்கள். அந்த யோசனைக்குத்தான் நான் கைதட்டினேன்.

நாஞ்சிலான்_மாரத்தஹள்ளி:
பெயர் என்ன வைத்தார்கள்? கள்ளியங்காட்டு நீலி. கள்ளியங்காடு எங்கே இருக்கிறது?

இந்திராநகர்_இரவுக்காட்சி:
இவர் இதை விடமாட்டார். 'காஞ்சனா' இழையில் சரத்குமார் பாத்திரத்தைப் பற்றி நான் ஒரு வரி எழுதியதற்கு ராத்திரி முழுக்க என்னைத் துரத்தினார்.

நாஞ்சிலான்_மாரத்தஹள்ளி:
துரத்தினேன், இன்றும் துரத்துவேன். திருநங்கை பாத்திரத்தைக் கேலி என்று ஒரே வரியில் தள்ளினீர்கள். 2011இல் ஒரு பெரிய நடிகர் அந்த வேஷத்தை அத்தனை கம்பீரமாகச் செய்தார், தியேட்டரில் ஜனங்கள் எழுந்து நின்றார்கள். அதற்கும் நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

இந்திராநகர்_இரவுக்காட்சி:
முதல் பாதி முழுக்கப் பேய்க்குப் பயந்து அம்மா இடுப்பில் ஏறுகிற காமெடியை வைத்துவிட்டுக் கம்பீரம் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அன்றும் சொன்னேன், இன்றும் அதேதான்.

அல்சூர்_ஆதி:
சாண்டி இன்ஸ்பெக்டராக வந்ததற்குக் கைதட்டுகிறவர், அந்தப் பாத்திரத்துக்குக் கவுடா என்று பெயர் வைத்துப் பெண்களை வெறுக்கிறவனாகக் காட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த ஊரில் இருந்துகொண்டு அது உங்களுக்கு உறுத்தவில்லையா?

இந்திராநகர்_இரவுக்காட்சி:
வில்லனுக்கு ஏதோ ஒரு பெயர் வைக்கத்தான் வேண்டும். நடிப்பைப் பாருங்கள்.

அல்சூர்_ஆதி:
எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லுங்கள், அப்புறம் நடிப்பைப் பார்க்கலாம்.

கேப்_இல்லாதவன்:
நாஞ்சில் அண்ணா, கடைசியாக ஒன்று. நீங்கள் சொல்கிற நீலகேசியை வைத்து நாளைக்கே ஒரு தமிழ் இயக்குநர் படம் எடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? ஒரு குத்துப்பாட்டு, ஒரு காமெடி சாமியார், இடைவேளையில் ஹீரோ அறிமுகம். நீலி நாலு காட்சி வருவாள். என் கோபம் நம் கதை மேல் இல்லை, நம் ஆட்கள் மேல்.

நாஞ்சிலான்_மாரத்தஹள்ளி:
அப்படியானால் முதல் நாளே அப்படி எழுதியிருக்க வேண்டும். 'நம் ஆட்கள் எடுக்க மாட்டார்கள்' என்பது வேறு, 'நம்மிடம் கதை இல்லை' என்பது வேறு. நீங்கள் எழுதியது இரண்டாவது. அதை நீக்குகிற வரைக்கும் நான் இங்கேதான் இருப்பேன்.

கேப்_இல்லாதவன்:
நீக்க மாட்டேன்.

பேய்ப்பட_ராணி:
இத்தனை பேர் இத்தனை எழுதிவிட்டீர்கள். நான் கேட்டதை ஒருவரும் தொடவில்லை. 'லோகா' பார்க்கும்போது உங்களில் யாராவது ஒரு இடத்திலாவது பயந்தீர்களா? ஆமாம் என்றால் எந்தக் காட்சி என்று எழுதுங்கள். சாண்டியைப் பற்றி வேண்டாம், கள்ளியங்காட்டைப் பற்றியும் வேண்டாம்.