குன்னூரில் அமைதியான பழைய விடுதி: அம்மாவுக்கு ஒத்துவருமா?

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. மே மாதம் சிம்ஸ் பூங்கா பக்கம் ஒரு பழைய ஓட்டுக்கட்டட விடுதியில் இரண்டு இரவு தங்க நினைக்கிறோம். அங்கே தங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பதில் 1: டிசம்பரில் அந்தப் பக்கம் தங்கினேன். மரத்தரை, மேல்மாடியில் யாராவது நடந்தால் நம் தலைமேலேயே நடப்பதுபோல் இருக்கும். கீழ்த்தள அறையாகக் கேளுங்கள். வெந்நீர் காலை ஒன்பது மணிவரைதான். கணப்புக்கு விறகுக்காசு தனி என்பதைக் கிளம்பும்போதுதான் சொன்னார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனாலும் விடியற்காலை வராந்தாவில் தேநீரும் வர்க்கியுமாக உட்கார்ந்திருந்தேனே, அதற்காக மறுபடியும் போவேன்.

பதில் 2: மே மாதம் பூங்காவில் பழக்கண்காட்சி நடக்கும். அமைதியை அப்போது எதிர்பார்க்காதீர்கள். காரில் வந்தால் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் எடுத்துவிடுங்கள்.

கேட்டவர்: அப்படியானால் ஜூலைக்குத் தள்ளிவிடுகிறேன். மழை பெய்தால் வராந்தா போதும்.