பாதை மூடியிருக்கு, ஆள் கிடைச்சிருக்கு: மார்ச்சுல வெள்ளகெவி இறங்கலாமா?

சனிஞாயிறுசங்கம்
வணக்கம் மக்களே. நாங்க ஆறு பேர், சென்னையில ஒரே ஆபீஸ். மார்ச் ரெண்டாவது வார இறுதிக்கு கொடைக்கானல் பிளான். வெள்ளி ராத்திரி பஸ், சனிக்கிழமை வட்டக்கானல்ல தங்கல். ஞாயிறு விடியுறப்பவே டால்பின் நோஸ் பாறை தாண்டி வெள்ளகெவிங்கிற மலைக் கிராமம், அங்கேருந்து கும்பக்கரை அருவிப் பக்கம் இறங்கி பெரியகுளத்துல பஸ் பிடிச்சா திங்கள் காலையில சீட்ல இருப்போம்.

சிக்கல் என்னன்னா, தீக்காலம்னு வனத்துறை மலையேற்றப் பாதைகளை மூடிட்டாங்க. ஆன்லைன்ல புக் பண்ண முடியல. குரூப்ல ஒருத்தனுக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர், "ஊர்க்காரங்க நடக்குற வழிதானே, நான் கூட்டிட்டுப் போறேன், யாரும் கேக்க மாட்டாங்க"ன்றார். ஆளுக்கு 800 ரூபாய். இப்ப எங்களுக்குள்ள மூணுக்கு மூணு. நீங்க சொல்லுங்க, போலாமா?

கரடுமுரடு
தாராளமா போங்க ப்ரோ. அந்த வழி வனத்துறை போட்டதா என்ன? கொடைக்குக் கார் ரோடு வர்றதுக்கு முன்னாடி பெரியகுளம் பக்கமிருந்து நடந்தும் டோலியிலயும்தான் ஜனங்க மலையேறினாங்க. இன்னிக்கும் வெள்ளகெவிக்கு ரோடு கிடையாது, மூட்டை தூக்கிட்டு நடந்துதான் போறாங்க. அவங்க தினமும் நடக்கிற வழியில நீங்க ஒருநாள் நடந்தா காடு அழிஞ்சுடுமா? நான் ரெண்டு தடவை போயிருக்கேன், ஒரு ரசீதும் இல்லாம.

பெரியகுளத்தான்
நீங்க ரெண்டு தடவை போனது எந்த மாசம்னு சொல்லலையே தம்பி.

சங்கத்துத் தம்பிக்கு: அது யாரும் கேக்காத வழி இல்ல. எங்க சொந்தக்காரவுக அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர் தூக்கிட்டுப் போற வழி. ஊருக்குள்ள நுழையுறப்ப செருப்பு, ஷூ எதுவா இருந்தாலும் கழட்டிறணும், சாமி இருக்க இடம்னு அங்க ஒருத்தரும் செருப்புப் போட மாட்டாக. அதைக்கூட உங்க 800 ரூபா ஆள் சொன்னாரான்னு தெரியல.

மார்ச்சுல கீழ்ப்பக்கத்துக் காட்டைப் பாத்திருக்கீகளா? மேல வட்டக்கானல்ல ஈரமான சோலைக்காடு, பனி, குளிரு. அதை நம்பி இறங்குவீக. 7000 அடிக்குப் பக்கத்துல கிளம்பி ஆயிரத்துச் சொச்சம் அடிக்கு வந்து நிக்கப் போறீக. பாதிக்கு மேல வெறும் காய்ஞ்ச புல்லு, இலை உதுத்த மரம், முள்ளுப் புதரு. நடந்தா சருகு முறுக்கு மாதிரி நொறுங்கும். ராத்திரி எங்க வீட்டு மாடியிலிருந்து பாத்தா மலையில தீ மாலை போட்ட மாதிரி தெரியுற வருசம் உண்டு.

கரடுமுரடு
> எந்த மாசம்னு சொல்லலையே

ஒண்ணு டிசம்பர், ஒண்ணு ஏப்ரல் கடைசி. போதுமாண்ணே?

தீக்காலம்னு சொல்றீங்களே, கோயம்புத்தூர் பக்கம் சாமி கும்பிடப் போற வெள்ளியங்கிரி மலை எப்படித் திறந்திருக்கு? பிப்ரவரியிலிருந்து மே வரைக்கும் ஏழு மலையும் ஏற விடுறாங்க. லட்சக்கணக்குல போறாங்க, ராத்திரி முழுக்க. வருஷா வருஷம் மூச்சுத் திணறியும் மாரடைப்பு வந்தும் ஆள் சாகறது பேப்பர்ல வருது. அங்க கையில மூங்கில் தடியும் நெத்தியில விபூதியும் இருந்தா தீ எரியாதா? முதுகுல பை மாட்டினவன் போனா மட்டும்தான் எரியுமா?

அட்டைக்கடி
மார்ச்ல போறதுல ஒரே லாபம் என் பேர்ல இருக்கிறது உங்களைக் கடிக்காது. மத்தபடி எல்லாம் கடிக்கும். தொடருங்க, பாப்கார்ன் எடுத்துட்டு வரேன்.

கணக்குடீச்சர்
வெள்ளியங்கிரிக் கேள்வி நியாயமான கேள்வி. அதுக்கு என்கிட்ட முழுப் பதில் இல்லை. ஒரே பாதை, முன்னாலும் பின்னாலும் ஆள், அடிவாரத்துல சோதனை, நூற்றாண்டுப் பழக்கம், இதெல்லாம் காரணமா இருக்கலாம். ஓட்டும் ஒரு காரணமா இருக்கலாம். ஆனா அங்க விடறது தப்புன்னா, இங்க விடறது எப்படிச் சரியாகும்?

2018 மார்ச் 11 ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டத்துக் குரங்கணி. நம்மள மாதிரி வார இறுதிக்குப் போனவங்கதான், சென்னையிலிருந்து ஒரு குழு, திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து ஒரு குழு. கொழுக்குமலையிலிருந்து இறங்கும்போது தீயில மாட்டினாங்க. இருபதுக்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க, பெரும்பாலும் இருபது, முப்பது வயசுக்காரங்க. டாப் ஸ்டேஷன் பாதைக்குத்தான் அனுமதிச் சீட்டு வாங்கியிருந்தாங்க, போனது கொழுக்குமலைன்னு அப்ப செய்தியில வந்தது. சங்கம் தேர்ந்தெடுத்திருக்கிறதும் அதே மார்ச் ரெண்டாவது வாரம்.

தீ ஏன் அவ்வளவு வேகமா வந்ததுன்னு பலபேர் யோசிக்கிறதில்லை. சமதளத்துல, பலமான காத்து இல்லேன்னா, தீயை விட்டு நாம ஓடலாம். சரிவுல தீ மேல்நோக்கிப் போகும்போது சுவாலை மேல இருக்கிற புல்லு பக்கமே சாயும், சூடான காத்தும் அங்கதான் ஏறும். தீ வர்றதுக்கு முன்னாடியே அந்தப் புல் காய்ஞ்சு தயாரா இருக்கும். சரிவு 10 டிகிரி கூடினா தீயோட வேகம் ஏறக்குறைய ரெண்டு மடங்குன்னு தீயணைப்புப் பயிற்சிகள்ல ஒரு கணக்குச் சொல்வாங்க. அதே சரிவுல ஏறுற மனுஷனோட வேகம் பாதியாகும். புகை பார்த்ததும் ஆளுங்க மேல ஓடப் பார்ப்பாங்க. போக வேண்டியது பாறைக்கு, இல்லேன்னா ஏற்கெனவே எரிஞ்சு கருகி அடங்கின இடத்துக்கு. அந்த இடம் எங்க இருக்குன்னு காட்டத்தான் வழிகாட்டி. உங்க ஆளுக்குத் தெரியுமா?

மாணவன்2ம்வருடம்
டீச்சர், நீங்க சொல்றது சரிதான். ஆனா இந்த "முறையா போங்க" ஆட்களைப் பார்த்தாலே எனக்கு எரியுது (மன்னிக்கவும், வார்த்தை அப்படி வந்துடுச்சு). குரங்கணிக்கு அப்புறம் 2018-லயே மலையேற்ற ஒழுங்குமுறை விதி வந்தது. அரசாங்கத்தோட முறையான ஏற்பாடு ('ட்ரெக் தமிழ்நாடு') வர 2024 அக்டோபர் ஆச்சு, நாற்பது பாதையோட. இடையில ஆறு வருஷம் அனுமதி கேட்டு அலைஞ்சவனுக்குத்தான் தெரியும். இப்ப அனுமதி ஆன்லைன்ல, ஆனா கட்டணம்? எங்க ஹாஸ்டல்ல ஒரு மாச மெஸ் பில்லை வச்சுத்தான் ஒரு நல்ல பாதைக்குப் போகணும். மலை ஐடி சம்பளக்காரங்களுக்கு மட்டும்தானா? 800 ரூபாய் ஆள் ஏன் பிழைக்கிறார்னா இதனாலதான்.

சனிஞாயிறுசங்கம்
ஐடி சம்பளக்காரன் ஆஜர். எங்களுக்கும் அது கையைக் கடிக்கத்தான் செய்யுது தம்பி. ஆனா இந்த மாசம் காசு கொடுத்தாலும் விட மாட்டாங்கன்றதுதான் இங்க பிரச்சினை.

ஒரு தகவல் விட்டுட்டேன். ஆறு பேர்ல ரெண்டு பேருக்கு இதுதான் முதல் மலை. ஒருத்தனுக்கு ஃபுட்பால் ஆடி முழங்கால் கொஞ்சம் தகராறு. "இறக்கம்தானே, ஏத்தம் இல்லையே"ன்னு சமாதானம் சொல்லி வச்சிருக்கோம்.

அட்டைக்கடி
பாப்கார்னைக் கீழே வச்சுட்டேன். இறக்கம்தான்டா முழங்காலைத் தின்னும்! ஏத்தத்துல நெஞ்சு வாங்கும், நின்னா சரியாயிடும். அஞ்சாயிரம் அடிக்கு மேல இறங்கும்போது ஒவ்வொரு எட்டுக்கும் உடம்புக் கனத்தைப் பிடிச்சு நிறுத்துறது முட்டியும் தொடையும்தான். மூணு மணி நேரத்துல தொடை நடுங்க ஆரம்பிக்கும். அப்புறம் கால் வைக்க நினைக்கிற இடத்துல கால் விழாது. நான் ஒரு தடவை இப்படி இறங்கி ரெண்டு கட்டை விரல் நகமும் கருத்து விழுந்துடுச்சு, போகுறதுக்கு முன்னாடி நகம் வெட்டாத ஒரே காரணத்துக்காக. அந்த ஃபுட்பால்காரர் நடுவழியில உக்காந்துட்டா என்ன பண்ணுவீங்க? போன்ல சிக்னல் கிடைக்கும்னு நம்பாதீங்க.

பெரியகுளத்தான்
என்ன பண்ணுவாக? எங்க ஆளுக தூக்குவாக. குரங்கணியில ஹெலிகாப்டர் வந்தது எல்லாருக்கும் தெரியும். அதுக்கு முந்தி போனது ஊர்க்காரவுகளும் எஸ்டேட் ஆளுகளும். போர்வையில டோலி கட்டித் தூக்கிட்டு வந்தாக. வெள்ளகெவியில கர்ப்பிணியையும் காய்ச்சக்காரரையும் அப்படித்தான் இறக்குறாக இன்னிக்கும். அவுக ரோடு கேட்டு எத்தனையோ வருசமா மனு போடுறாக. அந்த ஊருக்கு நீங்க போறது "ரோடு இல்லாத ஊரு, செம்ம வைப்"ன்னு ரீல் போட. கோவிச்சுக்காதீக, உங்களை மட்டும் சொல்லல.

கரடுமுரடு
அண்ணே, அது கொஞ்சம் ஓவர். அந்த ஊர்ல டீ குடிச்சு, சாப்பாடு வாங்கி, காபிக்கொட்டை வாங்கிட்டு வர்றவங்களும் இருக்காங்க. நான் அப்படித்தான். பாதையை மூடினா அந்தக் காசும் போச்சு. அரசாங்கத் திட்டத்துல வழிகாட்டியா இருக்கிற பழங்குடிப் பசங்களுக்கு ரெண்டு மாசம் வேலை இல்லைன்னு யாராவது பேசுறீங்களா? 2025-ல பிப்ரவரி 15-லிருந்து ஏப்ரல் 15 வரைக்கும் எல்லாப் பாதையையும் ஒரே பூட்டுல பூட்டினாங்க. சோலைக்குள்ள போற பாதையும் மூடல், புல்வெளியில போறதும் மூடல். எது எரியும், எது எரியாதுன்னு பிரிச்சுப் பார்க்கச் சோம்பேறித்தனம். பத்துப் பேர், ஒரு வழிகாட்டி, காலையில 11-க்குள்ள முடிக்கிற மாதிரி சின்னப் பாதைகளைத் திறந்து வைக்கலாமே? மூடினா என்ன ஆகுது, 800 ரூபாய் ஆள்கிட்ட போறாங்க. அவர் குழுவுல யார் போனாங்கன்னு எந்தப் பதிவும் இல்லை. செத்தாக்கூட எண்ணிக்கை தெரியாது.

கணக்குடீச்சர்
கடைசி ரெண்டு வரிக்கு நூறு மார்க். ஆனா நீங்க முதல்ல சொன்னதுக்கு அது எதிரா இருக்கே? "தாராளமா போங்க, ரசீது இல்லாம"ன்னு சொன்னதும் நீங்கதான்.

பிரிச்சுத் திறக்கலாம்ன்றதை ஒத்துக்கிறேன். சோலை சுலபத்துல தீப்பிடிக்காது, உண்மைதான். ஆனா சோலைக்குப் போற பாதி வழி புல்வெளிதானே. அதோட யூகலிப்டஸ், பைன், வாட்டில் மாதிரி வேத்து மரங்களை நட்டு மலையோட குணமே பல இடத்துல மாறிப்போச்சு. எது சோலைப் பாதைன்னு வரைபடத்துல கோடு போட அவ்வளவு சுலபமில்லை.

மாணவன்2ம்வருடம்
சங்கம் அண்ணா, விவாதம் இருக்கட்டும். டீச்சர் கேட்ட கேள்வியை அந்த ஆள்கிட்ட கேளுங்க. தீ வந்தா எந்தப் பக்கம், நடுவுல யாராவது விழுந்தா என்ன, தண்ணி எங்கெங்க கிடைக்கும், மார்ச்சுல அந்த ஓடை ஓடுமா. அவர் நல்ல ஆளா இருந்தா சொல்லுவார்.

சனிஞாயிறுசங்கம்
கேட்டேன். இப்பதான் போனை வச்சேன்.

தண்ணி: "ஆளுக்கு ரெண்டு பாட்டில் வச்சுக்கோங்க." கொடையில 5 லிட்டருக்குக் கம்மியான பிளாஸ்டிக் பாட்டிலே விக்கக் கூடாது, கையில இருந்தா 20 ரூபாய் வரின்னு நான் சொன்னதும் சிரிச்சார். தீ: "அதெல்லாம் வராது தம்பி, நான் இருபது வருஷமா போறேன்." யாராவது விழுந்தா? கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம்தான் விஷயம் வந்தது. அவர் வெள்ளகெவி வரைக்கும்தான் வருவாராம். "அங்கேருந்து ஒரே வழிதான், கண்ணை மூடிட்டு இறங்கலாம், கும்பக்கரையில போய் நிக்கும்"னார். அதாவது பெரியகுளம் அண்ணன் சொன்ன அந்தக் காய்ஞ்ச பாதி முழுக்க நாங்க மட்டும். ஏன் வர மாட்டீங்கன்னு கேட்டதுக்கு, "கீழ செக்போஸ்ட்ல என்னைத் தெரியும்"னார்.

அட்டைக்கடி
"கீழ என்னைத் தெரியும்." 800 ரூபாய்க்கு நல்ல வசனம்.

பெரியகுளத்தான்
அது ஒரே வழி இல்ல தம்பி. மாட்டுத் தடம், விறகுத் தடம் எல்லாம் பிரியும். காட்டுமாடு படுத்திருக்குற இடம் வேற உண்டு. பகல்லயே வெளியூர்க்காரவுக தடம் மாறி நிப்பாக.

கரடுமுரடு
சரி, இந்த ஆளை விடுங்க. இது எனக்கே சரியாப் படலை. பாதி வழியில விட்டுட்டுப் போறவன் வழிகாட்டி இல்லை. ஆனா என் பேச்சை வாபஸ் வாங்கலை: ஊர் வழி ஊர் வழிதான், அதுல நடக்க ஒரு குடிமகனுக்கு உரிமை இருக்கு. வெள்ளகெவிக்காரர் ஒருத்தர் வீட்டுக்கு விருந்தாளியா நான் போனா யார் தடுக்க முடியும்?

பெரியகுளத்தான்
விருந்தாளியா வாங்க, யாரு வேணாம்னா? விருந்தாளி ஆடி மாசம் வருவான், தை மாசம் வருவான். காடு காய்ஞ்சு கெடக்கையில ஆறு பேரைக் கூட்டிட்டு வர மாட்டான்.

சனிஞாயிறுசங்கம்
குரூப்ல ஓட்டு எடுத்தோம். நாலுக்கு ரெண்டு. வெள்ளகெவியை டிசம்பருக்குத் தள்ளிட்டோம், முறையா புக் பண்ணி. மாணவத் தம்பி, அப்ப நீங்க வர்றீங்கன்னா சொல்லுங்க, கட்டணத்தைப் பங்கு போட்டுக்கலாம், உங்களுக்குப் பாதி. இப்போதைக்கு பஸ் டிக்கெட்டை ரத்து பண்ண மனசு வரலை. கொடைக்குப் போய் ஏரியைச் சுத்தி அஞ்சு கிலோமீட்டர் நடந்துட்டு வரப்போறோம். ரெண்டு பேர் இன்னும் முறைச்சுட்டு இருக்காங்க. "ஏரியைச் சுத்துறதுக்கு ஹனிமூன் ஜோடியாடா நாம"ன்றான் ஒருத்தன்.

ஒரு கேள்வி: அரசுப் பேருந்துல வந்தா இ-பாஸ் வேணுமா? ஞாயிறு திரும்ப கொடையிலிருந்தே சென்னைக்கு பஸ் கிடைக்குமா?

கணக்குடீச்சர்
இ-பாஸ் சொந்த வண்டி, வாடகை வண்டிக்குத்தான். பஸ்ல போனா வேண்டாம்.

பெரியகுளத்தான்
சாயங்காலம் கொடையில நேரா சென்னை பஸ் உண்டு, முன்பதிவு பண்ணிருங்க. சீட்டு இல்லைன்னா வத்தலக்குண்டு இறங்கிருங்க, அங்கேருந்து மாறிக்கலாம். டிசம்பர்ல வெள்ளகெவி வர்றப்ப முந்தியே இங்க எழுதுங்க. ஷூவைக் கழட்ட ஒரு நிமிசம் ஆகும்னு அந்த முறைக்கிற ரெண்டு பேருக்கும் சொல்லி வைங்க, நிறைய பேர் அங்கதான் சலிச்சுக்கிறாக.

கரடுமுரடு
டிசம்பர்ல நானும் வரேன். ரசீதை மட்டும் வேற யாராவது வச்சுக்கோங்க.